வந்த மீனும் சொந்த மீனும்



வேற்று நாட்டு மீன் புதுநீர் புகும்போது, தாயகத்தில் தன்னை வாட்டிய ஒட்டுண்ணிகள் பலவற்றை அங்கேயே விட்டுவிடுகிறது. மீன், பறவை முதலிய 26 விலங்கினங்களைப் பற்றி 2003-இல் வெளிவந்த ஆய்வு, குடிபுகுந்த இடத்தில் ஒட்டுண்ணி வகைகள் ஏறத்தாழப் பாதியே எனக் காட்டிற்று. சொந்த மீனுக்கோ அவ்விடுதலை இல்லை.

ஆயினும், உடன்வரும் ஒன்றே பெருங்கேடு செய்யும். கிழக்காசிய விலாங்கின் காற்றுப்பையில் ஒரு புழு வாழ்கிறது. நெடுங்காலம் பழகிய அம்மீனுக்குத் தீங்கு குறைவு. 1980களின் தொடக்கத்தில் மீன் வணிகத்தின் வழியே அது ஐரோப்பாவை அடைந்தது. அங்குள்ள விலாங்குக்கு எதிர்ப்பாற்றல் போதவில்லை. புழு குருதியை உறிஞ்ச, காற்றுப்பை தடித்துச் சிதைகிறது. முட்டையிடச் சுமார் 5,000 கிலோமீட்டர் கடலில் நீந்தவேண்டிய மீன் அது!

நாம் காண்பது மீனை மட்டுமே. அதனுள் உறைவதைக் காண்பதில்லை. ஆதலின், தொட்டியில் வளர்த்த அயல்மீனை ஏரி குளங்களில் விடாதிருப்போமாக.