செய்தி அறுந்த வேளையிற் காவல்



மின்னல் வெட்டிய கணத்தில் வீட்டு விளக்கு ஒருமுறை மங்கிப் பின் பழையபடி ஒளிர்வதை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அந்தக் கண்ணிமைப் பொழுதுக்குள், எங்கோ ஒரு மலைச்சரிவில் உயர் அழுத்தக் கம்பியொன்று பழுதுற்றிருக்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள சுற்றுடைப்பான்கள் அதனைத் துண்டித்திருக்கும். துண்டிக்கும்படி ஆணையிடும் கருவிக்கு றிலே என்று பெயர். இரு முனைகளிலும் உள்ள றிலேக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சு நின்றுவிட்டால் காவல் என்னாகும் என்பதையே இன்று சொல்லவந்தேன்.

100 கிலோமீற்றர் நீளமான ஒரு கம்பியை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு முனையிலுள்ள றிலே அங்குள்ள மின்னழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்து, பழுது எவ்வளவு தொலைவில் உள்ளதென மதிக்கிறது. அம்மதிப்பிற் சிறு பிழை நேர்வது இயல்பு. 98ஆவது கிலோமீற்றரில் நேர்ந்த பழுதையும், எதிர்முனை நிலையத்துக்கு அப்பால் அடுத்த கம்பியில் நேர்ந்த பழுதையும் அதனாற் பிரித்தறிய இயலாது. ஆகவே முதல் 80 கிலோமீற்றர் வரையிற்றான் உடனே துண்டிக்கும் உரிமை அதற்கு உண்டு. எஞ்சிய 20 கிலோமீற்றரோ எதிர்முனையின் காலடியில் இருப்பது. "பழுது நம் இருவருக்கும் இடையிலேதான்" என்று அங்கிருந்து ஒரு குறிப்பு வந்தால் இம்முனையும் உடனே துண்டிக்கும். யாவும் ஏறத்தாழப் பத்திலொரு செக்கனில் முடிந்துவிடும்.

குறிப்பு வராவிட்டால், அடுத்த கம்பியின் காவலுக்கு முதலில் வாய்ப்பளித்து 0.3 அல்லது 0.4 செக்கன் பொறுத்திருந்து, பழுது நீங்காதாயின் தானே துண்டிக்கும். அரைச் செக்கன்தானே என்று எண்ணிவிட வேண்டாம். அதற்குள் மின்பிறப்பாக்கிகள் சுமை குன்றி வேகங்கொண்டு, தமக்குள் ஒத்த சுழற்சியை இழந்துவிடவும் கூடும்.

ஆதலால், மௌனத்துக்கு என்ன பொருள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். "துண்டி" என்ற அனுமதி வந்தாலன்றி விரைந்து துண்டிக்காதே என்பது ஒரு முறை. "துண்டிக்காதே" என்ற தடை வராவிடில் துண்டித்துவிடு என்பது மற்றொரு முறை. பேச்சு அறுந்தால், முதலாவதிற் பழுது தாமதித்து நீங்கும். இரண்டாவதில் அயற்கம்பியின் பழுதுக்காக நலமாயிருந்த கம்பியும் வெட்டுப்படும்.

முன்னாளில் இக்குறிப்புகளைப் பெரும்பாலும் அதே மின்கம்பியின் வழியாகவே உயரதிர்வெண் அலையாக அனுப்பினர். இவ்வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. காயம்பட்ட கம்பியே தன் காயத்தை எடுத்துச்சொல்ல வேண்டும்! அதனாலேதான் அங்குத் தடைக்குறிப்பு முறையைப் பலரும் விரும்பினர். பழுது வேறிடத்தில் இருக்கும்போதுதானே தடைக்குறிப்பு வேண்டும். அப்போது கம்பி நலமாக இருக்கும். பொறியியலாளரின் இந்த யுக்தி எனக்கு மிகவும் பிடித்தது.

இக்காலத்தில், கோபுர உச்சியில் மின்னலை ஏற்கும் கம்பிக்குள்ளே கண்ணாடி இழைகளை வைத்துச் செய்தி அனுப்புகின்றனர். ஆயினும் கோபுரம் சரிந்தால் கம்பியும் போம், இழையும் போம். இரு முனைகளின் ஓட்டங்களை ஒப்பிட்டே இயங்கும் றிலே, இழை அறுந்ததும் குருடாகிறது. அது தானே ஒதுங்கித் தூரமளக்கும் கருவிக்கு இடங்கொடுக்க வேண்டும்.

இவற்றுக்கும் பின்னால் மூன்றாங் காவல் ஒன்று உண்டு. அடுத்த நிலையத்துக் கருவிகள் முற்றாகத் தவறினால், ஒரு செக்கனோ அதற்கு மேலோ பொறுத்துத் தொலைவிலிருந்தே துண்டிப்பது அது. எவருடைய பேச்சையும் அது எதிர்பாராது. அதன் வலிமையும் அதுவே, ஆபத்தும் அதுவே. நெடுந்தொலைவைக் காண அமைந்த கண்ணுக்கு மிகுந்த சுமையும் பழுதுபோலத் தோன்றக்கூடும்.

வட அமெரிக்கா இதனை இருமுறை கண்டது. 1965 நவம்பர் 9ஆந் திகதி மாலை 5.16 மணிக்கு, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், நயாகரா ஆற்றங்கரையிலுள்ள சேர் அடம் பெக் மின்னிலையத்தில் ஒரு பின்காவல் றிலே இயங்கியது. கம்பியிற் பழுது ஏதும் இல்லை. 1963இல் அந்த றிலேக்கு வைத்த எல்லையைக் கம்பியின் சுமை கடந்துவிட்டது; அவ்வளவுதான். அதன் சுமை அயலிலிருந்த நான்கு கம்பிகள்மேற் சாய, அவையும் சில செக்கன்களில் வெட்டுண்டன. நியூயோர்க் உட்பட ஏறத்தாழ மூன்று கோடி மக்கள் இருளில் மூழ்கினர்.

2003 ஓகஸ்ற் 14ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில், மரங்களைத் தொட்டு மூன்று கம்பிகள் வெட்டுண்டபின், சம்மிஸ்–ஸ்ரார் என்ற 345 கிலோவோல்ற்றுக் கம்பியைப் பழுதின்றியே மூன்றாங் காவல் துண்டித்தது. கட்டுப்பாட்டறையின் எச்சரிக்கைக் கணினியும் அன்று பிற்பகல் ஊமையாகியிருந்தது. ஐந்து கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர்.

அதன்பின் அங்கு வகுத்த விதிகளில் ஒன்று, கம்பிக்கு அனுமதித்த சுமையின் ஒன்றரை மடங்கு வரையில், அழுத்தம் 85 வீதமாகத் தாழ்ந்தபோதும், றிலே அதனைப் பழுதென மயங்கி இயங்கலாகாது என்பது. அதற்காகப் பல்லாயிரம் றிலேக்களின் எல்லைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பொறியியலாளர் மறுபடி கணக்கிட்டனர்.