மொட்டை மரம் பார்க்கப் போகிறவர்கள்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துக்க விசாரிப்பு தொடங்கிவிடும். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வருகிற பிளம்பரும் சரி, வடகம் காயப்போட வருகிற பக்கத்து வீட்டு அக்காவும் சரி, ஓரத்தில் இருக்கிற அகலத் தொட்டியைப் பார்த்து, "ஐயோ, பட்டுப்போச்சா?" என்பார்கள். அதில் இருப்பது முக்கால் அடி உயர அரசமரம். கிணற்றுச் சுவர் வெடிப்பில் முளைத்திருந்ததைப் பிடுங்கி வந்து 11 வருஷமாகிறது. இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் கவையும் மிலாறுமாக நிற்கும். தெருமுனைப் பிள்ளையார் கோயில் அரசமரம் இந்த மாதத்தில் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது. பெரிய மரத்தைப் பார்த்து யாரும் துக்கம் கேட்பதில்லை.

ஜப்பானில் இந்த மொட்டைக் கோலத்தைக் காசு கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். டோக்கியோவில் உவேனோ பூங்கா இருக்கிறது. அங்கே கலைக்கூடத்தில் 1934இல் தொடங்கிய கொகுஃபு கண்காட்சிதான், தொட்டியில் குட்டை மரம் வளர்க்கும் போன்சாய்க்காரர்களுக்குத் தேர்த்திருவிழா. நடப்பது பிப்ரவரி மாதக் குளிரில். மேப்பிள் மரத்தில் அப்போது ஒரு இலை இருக்காது. ஆனால் அந்த மரத்தின் முன்னால்தான் விவரம் தெரிந்தவர்கள் குனிந்து நெடுநேரம் நிற்பார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ஜப்பானியத் தோட்டக்காரர்கள் போன்சாய் மரங்களை இரண்டு கட்சியாகப் பிரிப்பார்கள். பைன், ஜூனிபர் போன்றவை 'ஷோஹாகு'. மேப்பிள், செல்கோவா போன்ற மற்றவையெல்லாம் 'ஸோகி'. ஸோகி என்றால் பலதரப்பட்ட மரம், நம் பேச்சில் 'இத்யாதி'. பேரில் மரியாதை கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் கைவேலைக்குச் சோதனை இந்த இத்யாதியிடம்தான் என்பேன். பைன் மரத்தில் ஒரு கிளை கோணலாகப் போனால் ஊசியிலைக் கொத்தைச் சற்று இழுத்து மறைத்துவிடலாம். இலையுதிர் மரம் வருஷத்துக்கு ஒரு முறை உடுப்பை அவிழ்த்துவிடும். பத்து வருஷம் முன்னால் அவசரத்தில் வெட்டிய வெட்டும் அன்றைக்கு வெளியே தெரியும்.

போன்சாய் என்றால் சின்னத் தொட்டியில் வைத்துப் பட்டினி போட்டுக் குட்டையாக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். என் மாமியார் இன்றைக்கும் "பச்சப்புள்ளய இப்படிப் படுத்தறீங்களே மாப்ள" என்பார். அது சரியில்லை. மரத்துக்கு உரம் உண்டு, வெயில் உண்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் உண்டு. அடிமரம் பருக்க வேண்டுமானால் முதலில் அதைத் தரையில் நட்டு, இஷ்டத்துக்கு ஆளுயரம் வளர விடவேண்டும். அடி பருத்ததும் நாலு விரற்கடை விட்டு மேலே அறுத்துவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு மனசு பதறும். வெட்டுக்குக் கீழே துளிர்க்கும் சிம்புகளில் ஒன்றைத் தலைவனாக வைத்து, அதையும் நெட்டையாக ஓடவிட்டு, மறுபடியும் அறுப்பார்கள். ஒவ்வொரு கட்டும் கீழ்க்கட்டைவிடச் சற்று மெலிந்து போகும். இப்படித்தான் ஒரு சாண் மரத்துக்கு நூறு வருஷ மரத்தின் கூம்பு வடிவம் வருகிறது. அதற்கே பத்துப் பதினைந்து வருஷம் போய்விடும். தொட்டி அதற்கப்புறம்தான்.

கிளை வேலை வேறு மாதிரி. மேப்பிளில் இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். ஜோடிக்குச் சற்று மேலே கத்தரித்தால் இரண்டு மொட்டும் விழித்துக்கொள்ளும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். ஒரே இடத்தில் மூன்று சிம்பு கிளம்பினால் ஒன்றைக் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் அந்தக் கணு முட்டிபோல வீங்கிவிடும். சீனாவில் குவாங்டோங் பகுதியில் லிங்னான் மரபுக்காரர்கள் பெரும்பாலும் இப்படி வெட்டி வெட்டியே கிளைக்கு வளைவு கொண்டுவருவார்கள். எந்தப் பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே வெட்டுகிறோமோ அந்தப் பக்கம் கிளை திரும்பும்.

கம்பி சுற்றியும் வளைக்கலாம். ஆனால் மெல்லிய பட்டைக்குக் கம்பி ஆகாத சேர்க்கை. என் அரசுக்கு ஒரு ஆவணியில் அலுமினியக் கம்பி சுற்றிவிட்டு ஊருக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால் கிளை பருத்துக் கம்பியை விழுங்கியிருந்தது. குறடால் துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன், கையெல்லாம் பால். கிளை இன்றைக்கும் திருகாணி மாதிரிதான் இருக்கிறது. இலை இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. மாசியில் எனக்கு மட்டும் அதுதான் கண்ணில் படும்.

வேருக்கு வருவோம். ஆணிவேரை இளசிலேயே நறுக்கிவிடுவார்கள். கன்றை ஒரு ஓட்டின்மேல் உட்காரவைத்துப் புதைத்தால் கீழே போக வழியில்லாமல் வேர்கள் நாலாபக்கமும் படரும். பிற்பாடு மண்ணுக்கு மேலே தெரியும் அந்தப் பிடிப்புக்கு 'நெபாரி' என்று பெயர். தொட்டி மாற்றிச் சல்லிவேரைக் கத்தரிக்க ஜப்பானில் குளிர் முடிந்து மொட்டு உப்பி, இன்னும் விரியாத அந்தச் சில நாட்கள்தான் நல்ல நேரம். முந்தினால் பனி, பிந்தினால் தளிர் வாடும். இலையைச் சிறிதாக்கவும் ஓர் உபாயம் உண்டு. கோடைத் தொடக்கத்தில் காம்பை விட்டு இலைகளைக் கத்தரித்துவிட்டால் அடுத்து வருபவை பொடிசாக வரும். திடமான மரத்துக்குத்தான் இது, வேர் வெட்டிய வருஷத்தில் கூடவே கூடாது.

இவ்வளவு பொறுமைக்காரர்கள் ஒரு ஊரே அமைத்திருக்கிறார்கள். 1923இல் டோக்கியோவைப் பூகம்பம் அழித்த பிறகு, தோட்டக்காரர்கள் சிலர் 1925 வாக்கில் வடக்கே ஓமியாவில் குடியேறினார்கள். குடிவருகிறவர் குறைந்தது பத்து போன்சாய் வைத்திருக்க வேண்டும், வாசற்கதவு எவருக்கும் திறந்திருக்க வேண்டும், மதிலுக்குப் பதில் உயிர்வேலி, மாடிவீடு கூடாது என்று அவர்களே விதி வகுத்துக்கொண்டார்கள். மாடி கட்டினால் பக்கத்துத் தோட்டத்து மரத்துக்கு நிழல் விழுமல்லவா!

நேயர்கள் சிலர் ஆசைப்பட்டு மேப்பிள் கன்று வாங்கிச் சென்னையில் வைத்துப் பார்க்கிறார்கள். அதற்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும், நம் மார்கழி போதாது. நம் சமவெளி மரங்கள் இலை உதிர்ப்பது வறட்சிக்கு. அரசு, இலவு எல்லாம் அந்த வழி. அரசுக்கு இலை அவ்வளவு சுலபத்தில் சிறிதாகாது, காம்பும் நீளம். ஆனால் துளிர்க்கும்போது வருகிற அந்தச் செம்புநிறத்துக்காக மன்னித்துவிடலாம்.

என் மரத்தில் நுனிமொட்டு இந்த வாரம் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. கத்தரியைச் சாணை பிடிக்கக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள் வேரைக் கழுவ வேண்டும்.