ஆறுமுகம் சகோதரர்களின் இசைத்தட்டுகள்



1977ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் நடந்த ஒரு கூத்திலிருந்து தொடங்குகிறேன். 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற பங்க் ராக் குழுவும் 'ஏ அண்ட் எம்' என்ற இசைத்தட்டு நிறுவனமும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு எதிரே மேசை போட்டு, பத்திரிகைக்காரர்கள் பார்க்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை அந்த உறவு. குழுவின் அடாவடியைப் பார்த்து நிறுவனம் பின்வாங்கிவிட்டது. அதற்குள் சுமார் 25,000 தட்டுகள் அச்சாகியிருந்தன. அத்தனையையும் அழிக்கச் சொல்லி உத்தரவு போனது. எப்படியோ சில தட்டுகள் மட்டும் தப்பின. அவற்றில் ஒன்று இன்று விற்பனைக்கு வந்தால் ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது.

அதே ஆண்டு ஜனவரியில் மான்செஸ்டர் நகரத்துப் பையன்கள் சிலர், 'பஸ்காக்ஸ்' என்ற குழுவினர், சுமார் ஐந்நூறு பவுண்டு கடன் வாங்கி, தங்கள் சொந்த நிறுவனத்தின் பெயரில் ஒரு சிறு தட்டு வெளியிட்டார்கள். முதல் அச்சு 1,000 தட்டுகள். அதன் உறையில் அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். எந்தப் பாட்டை எத்தனையாவது முறை பாடியபோது பதிவு சரியாக அமைந்தது, எதன்மேல் எதைப் பிறகு சேர்த்தார்கள் என்பதையெல்லாம் உறையிலேயே எழுதிவிட்டார்கள். பாட்டு எப்படி உருவானது என்று கேட்கிறவனுக்குத் தெரியட்டும், தெரிந்தால் அவனும் ஒரு தட்டு போடலாம் என்ற எண்ணம்.

ஒரே ஒரு பங்க் குழுவைப் பிடித்துக்கொண்டு அதன் தட்டுகளை ஆயுள் முழுக்கச் சேர்க்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இங்கே மலேசியாவில், கோலாலம்பூரில் 1991இல் தொடங்கிய 'கார்புரேட்டர் டங்' குழுவுக்கும் அப்படிப்பட்ட விசுவாசிகள் உண்டு. தங்கள் குழு எந்த ஊரில், எந்த மாதம், யாரை வைத்து, எத்தனை தட்டு போட்டது என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துபடி. நிறுவனங்களும் அருங்காட்சியகங்களும் கைவிட்ட தகவலைக்கூட இவர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிடிவாதத்தில் ஒரு பங்கு நமக்கும் வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

ஏனென்றால் நம் பினாங்கிலும் ஒரு குழு இருந்தது. பங்க் அல்ல. சோலும் டிஸ்கோவும் காதல் பாட்டும் கலந்து பாடிய குழு. 1960களின் இறுதியில் பினாங்கில் பிறந்த 'அலிகேட்ஸ்'. அதை முன்னின்று நடத்தியவர்கள் டேவிட் ஆறுமுகம், லோகா என்று அழைக்கப்பட்ட லோகநாதன் ஆறுமுகம் என்ற இரண்டு தமிழ்ச் சகோதரர்கள். பெரிய வட்டமாக விரிந்த சுருட்டை முடியோடு மேடையில் நின்ற அந்த உருவங்களை நடுத்தர வயதைத் தாண்டிய மலேசியர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மலாய்ப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களிடம் 'ஹிங்கா ஆகிர் நந்தி' என்று பாட்டின் பெயரை மட்டும் சொல்லிப் பாருங்கள், மிச்சத்தை அவர்களே பாடுவார்கள்.

ஆனால் நம் வீடுகளில் பாட்டு என்று பேச்சு வந்தால் எம்.எஸ்.வி. வருவார், இளையராஜா வருவார். பினாங்கிலேயே பிறந்து, நாடு முழுக்கப் பாடிய ஆறுமுகம் சகோதரர்கள் வருவதில்லை. மலாயில் பாடினார்கள் என்பது காரணமாக இருக்கலாம். அவர்களை மலாய் ரசிகர்கள் தங்கள் பிள்ளைகளாகவே எடுத்துக்கொண்டார்கள், அது பெருமைதான். அதற்காக நம் கணக்கிலிருந்து அவர்களை எடுத்துவிட வேண்டியதில்லை. இந்த ஆதங்கத்தில்தான் நான் அவர்களின் தட்டுகளைத் தேடத் தொடங்கினேன்.

இப்படி ஒரு குழு பினாங்கில் முளைத்தது தற்செயல் இல்லை. அந்தக் காலத்துப் பினாங்கைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1969 வரை தீவு தீர்வையற்ற துறைமுகம். வெளிநாட்டுச் சரக்கு கப்பலிலிருந்து நேராகக் கடைக்கு வந்தது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படை முகாம் இருந்தது. அவர்களுக்கென்று தனி வானொலி நிலையமே இருந்தது. சிப்பாய்களின் குடும்பங்கள் தீவில் குடியிருந்தன. வியட்நாம் போரின்போது அமெரிக்க வீரர்கள் ஓய்வெடுக்கப் பினாங்கு வந்தார்கள். அவர்களுக்கு ராத்திரிக்குப் பாட்டு வேண்டும், அதுவும் அவர்கள் ஊரில் அந்த வாரம் கேட்ட பாட்டு வேண்டும். உள்ளூர்ப் பையன்கள் அதைக் காதால் கேட்டு, அன்றைக்கே பழகி, வாசித்தாக வேண்டியிருந்தது. பினாங்கின் வாத்தியக்காரர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமைந்திருக்காது. மலாய்ப் பாடகர் பி. ரம்லி பிறந்த ஊர், ஜிம்மி பாயில் இசையமைத்த ஊர் என்ற அடித்தளமும் அதற்குக் கீழே இருந்தது. 2015இல் பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் எழுதிய 'ஜஸ்ட் ஃபார் தி லவ் ஆஃப் இட்' என்ற ஆங்கிலப் புத்தகம் பினாங்கின் 1930கள் முதல் 1960கள் வரையிலான இசைக்காரர்களைப் பற்றியது. கிடைத்தால் வாசியுங்கள். அந்த மேடைகளில் எத்தனை இனத்தார் ஒன்றாக நின்று வாசித்தார்கள் என்பது தெரியும்.

அலிகேட்ஸ் 1970களில் ஹாங்காங் போய் இரவு விடுதிகளில் வாசித்துப் பெயர் வாங்கினார்கள். பிறகு இங்கே அவர்கள் திரும்பியதும், மலாயில் பாடிய நெடுந்தட்டுகள் வரத் தொடங்கின. அவர்களுக்கு இசையமைத்தவர்களில் ஒருவர் எம். நாசிர். பின்னாளில் மலாய் இசையின் பெரும்புள்ளி ஆனவர், அப்போது இளைஞர். லோகாவின் குரலுக்கென்றே செய்தது போன்ற பாட்டுகள் அவை. லோகா வரியின் கடைசிச் சொல்லை அழுத்த மாட்டார், மெல்லத் தளர்த்தி விடுவார். டேவிட்டின் குரலில் கொஞ்சம் கரகரப்பு, கூடவே ஒரு குதூகலம். இரண்டு குரலும் சேரும் இடத்தில் அண்ணன் தம்பி என்பது தெரிந்துவிடும்.

இதையெல்லாம் கைப்பேசியிலேயே கேட்கலாமே, தட்டு எதற்கு என்று கேட்பீர்கள். பாட்டு கைப்பேசியில் கிடைக்கும். இசையமைத்தது யார், பாட்டெழுதியது யார், கித்தார் பிடித்தது யார், எந்தக் கூடத்தில் பதிவு செய்தார்கள் என்ற விவரம் பெரும்பாலும் அதில் வராது. பன்னிரண்டு அங்குல உறையின் பின்பக்கத்தில் அவையெல்லாம் இருக்கும். பாட்டுகளின் வரிசையும் இருக்கும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம், அதில் எதை முதலில் வைப்பது, எதை வைத்து முடிப்பது என்று யோசித்து அடுக்கிய வரிசை. அதைக் குலைத்துக் கேட்டால் அவர்கள் நினைத்த ஆல்பம் நமக்குக் கிடைக்காது.

தட்டின் உடம்பிலேயே இன்னொரு செய்தி உண்டு. கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் நடுவில் ஒட்டிய லேபிளுக்கும் இடையே வெறும் வளையம் ஒன்று இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதில் பொறித்த எண்ணும் எழுத்தும் தெரியும். மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். இந்தத் தட்டு எந்த அச்சிலிருந்து வந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கும். உறை ஒன்றாகவே இருந்தும் தட்டு வேறு வேறு அச்சாக இருக்கலாம். ஒரே ஆல்பத்தை ஒருவர் இரண்டு மூன்று தடவை வாங்குவதைப் பார்த்து வீட்டில் கோபித்துக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம்தான். வெளிவிளிம்பிலிருந்து உள்ளே சுருண்டு போகும் அதை நீட்டிப் போட்டால் சுமார் அரை கிலோமீட்டர் வரும். அந்தப் பள்ளத்தின் இரண்டு சுவர்களில் இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று என ஒலி செதுக்கப்பட்டிருக்கிறது. வைர ஊசி அதில் ஓடும்போது இரண்டு கிராம் அளவு பாரம்தான் அதன்மேல் இருக்க வேண்டும். பழைய பெட்டிகளில் தேய்ந்த ஊசியைப் போட்டு ஒரு தட்டை ஓட்டினால் சுவர் அரைபட்டுப் போகும், அப்புறம் அதை யாராலும் சரிசெய்ய முடியாது. தட்டு வாங்கக் காசு வைத்திருப்பவர் முதலில் நல்ல ஊசிக்குச் செலவழிக்கட்டும்.

நான் குடியிருப்பது தீவுக்கு எதிர்க்கரையில், பத்து காவானில். இரண்டாவது பாலம் திறக்கும் முன்பு இங்கிருந்து தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் போக வேண்டுமென்றால் வடக்கே பிறை வரை சுற்ற வேண்டியிருந்தது. 2014 மார்ச்சில் அது திறந்தபின் 24 கிலோமீட்டரில் தீவின் பத்து மாவோங். ஞாயிறு விடிகாலை கிளம்பினால் வெயில் ஏறுமுன் லோரோங் கூலிட் பழஞ்சந்தைக்குப் போய்விடலாம். மத்தியானத்துக்குள் அங்கே கடையைக் கட்டிவிடுவார்கள். பழைய கடிகாரம், செருப்பு, சாவி, நாணயம் இவற்றுக்கிடையே எங்காவது ஒரு அட்டைப்பெட்டியில் தட்டுகள் குத்திட்டு நிற்கும். "அங்கிள், அலிகேட்ஸ் அடா?" (இருக்கிறதா?) என்று மலாயில் கேட்டால் பெரியவர்கள் முகம் மலர்ந்துவிடும். தட்டு இல்லாவிட்டாலும் கதை கிடைக்கும். யாருடைய கல்யாணத்தில் எந்தப் பாட்டு போட்டார்கள், எந்த மேடையில் லோகாவைப் பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஜார்ஜ் டவுனில் சவ்ராஸ்தா மார்க்கெட்டின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, அங்கேயும் ஒரு எட்டு பார்ப்பேன். பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலின் வாரக்கடைசிச் சந்தை இன்னும் பெரியது, விலையும் அதற்கேற்றபடி.

மலேசியாவில் பழைய தட்டுக்கு முதல் எதிரி புழுக்கம். உறையில் பூஞ்சை பிடிக்கும், தட்டின் பள்ளத்திலும் அது இறங்கும். நான் செய்வது இதுதான். காய்ச்சி வடித்த தண்ணீரும் மெல்லிய துணியும் வைத்துச் சுற்றுவாக்கில் துடைப்பேன், லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்வேன். பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப் போடாமல், தட்டைப் புதிய உறையில் போட்டுப் பழையதைப் பக்கத்தில் வைப்பேன். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவே கூடாது, நிமிர்த்தி வைக்க வேண்டும். வாங்கிய தட்டைக் காருக்குள் வைத்துவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அது வளைந்து போயிருக்கும். வினைல் என்பது பிளாஸ்டிக்தான். பினாங்கு வெயில் அதை விட்டுவைக்காது.

இப்போது என் மனத்தை உறுத்தும் காரியத்துக்கு வருகிறேன். பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டம். கரும்பும் பிறகு ரப்பரும் செம்பனையும் இருந்த மண். இன்று தொழிற்பேட்டை, விளையாட்டு அரங்கம், 2019இல் வந்த இக்கியா கடை, வரிசை வரிசையாகப் புதிய குடியிருப்புகள். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறை முழுவதிலும் தோட்டத்து லயன் வீடுகளை விட்டுக் குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போனபோது பெட்டி படுக்கை போனது, சாமி படம் போனது. ரேடியோகிராம் போகவில்லை. மேலே ஏற்ற முடியாது, வைக்க இடமும் இல்லை. தட்டுகள் பழைய இரும்புக்காரனிடம் போயின, அல்லது மழையில் கிடந்தன. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் போட்ட தமிழ்த் தட்டுகளும், இளவட்டங்கள் சம்பளத்தில் வாங்கிய அலிகேட்ஸ் தட்டுகளும் ஒரே பெட்டியில் போனதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பழைய இசையைப் பத்திரப்படுத்தும் முயற்சி நமக்குப் புதிதல்ல. 2016இல் ஜார்ஜ் டவுனின் கொம்தார் கட்டடத்தில் தொடங்கிய 'பினாங்கு ஹவுஸ் ஆஃப் மியூசிக்' இந்த மாநிலத்தின் இசை வரலாற்றைச் சேர்க்கவே உருவானது. ஆனால் எந்த நிறுவனமும் உங்கள் மாமா வீட்டு அலமாரிக்குள் வந்து தேட முடியாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

லோகா 2007இல் புற்றுநோயால் காலமானார். டத்தோ டேவிட் குழுவைக் கைவிடாமல் அதன் பிறகும் மேடை ஏறிப் பாடினார். 1980களின் இறுதியில் இசைத்தட்டின் காலம் முடிந்து கேசட்டும் சிடியும் அதன் இடத்தைப் பிடித்ததால், அலிகேட்ஸின் ஆரம்ப ஆண்டுகள்தான் தட்டில் நிற்கின்றன, பிற்காலத்தை நாடாவிலும் சிடியிலும் தேட வேண்டும். அவற்றையும் சேர்த்தால்தான் பட்டியல் முழுமையாகும். பங்க் ரசிகர்கள் தங்கள் குழுவுக்குச் செய்து வைத்திருப்பது போன்ற பட்டியலை, ஆண்டு, எண், உறையில் உள்ள பெயர்கள், அச்சு வேறுபாடு என்று ஒன்றுவிடாமல், நம் சகோதரர்களுக்கு நாம் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். என் நோட்டுப் புத்தகத்தில் அதைத் தொடங்கியும் விட்டேன்.

அதற்கு உங்கள் உதவி தேவை. வீட்டில் பழைய தட்டு இருந்தால், யார் பாடியதானாலும் சரி, தூக்கிப் போடாதீர்கள். உறையையும் தட்டையும் பிரிக்காதீர்கள். உறையில் யாராவது பேனாவால் பெயரும் தேதியும் எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். அது எந்தத் தோட்டத்தில், யார் கையில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வாங்கியவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கடையில் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார், வீட்டில் யார் யார் கேட்டார்கள் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி உறைக்குள் செருகி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கசிந்து உறையைக் கறைப்படுத்தும்.