கையை உதறினால் யாருக்கு என்ன கெடுதல்?

(மஞ்சக்குப்பத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பி.எட். படிக்கும்போது ஸ்கின்னரின் எலியையும் புறாவையும் தேர்வுக்காகப் படித்தவர்கள் நாம். ஆக்கநிலையிறுத்தம் என்ற சொல் மறந்திருக்கலாம், செயல் மறக்கவில்லை. நோட்டில் நட்சத்திரம் போடுகிறோம். வகுப்பையே கைதட்டச் சொல்கிறோம். வீட்டுப்பாடம் முடிக்காதவனை விளையாட்டு வேளையில் உட்கார வைக்கிறோம். இதை ஒரு துறையாக வளர்த்ததுதான் 'பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு'. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர், "ஏ.பி.ஏ. பயிற்சிக்கு அனுப்பலாமா டீச்சர்?" என்று நம்மிடம் கேட்பது இதைத்தான்.

அவர்களுக்குப் பதில் சொல்ல, இத்துறையின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஐவர் லோவாஸ் 1987-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போலவே பள்ளியில் தேறினார்கள் என்றது அது. உலகெங்கும் பெற்றோருக்கு நம்பிக்கை கொடுத்த ஆய்வு. ஆனால் அதே லோவாஸின் கூடத்தில் 1960-களில் குழந்தைகளை அறைந்தார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். 1965-இல் 'லைஃப்' இதழ் அதைப் படங்களோடு வெளியிட்டது. இது ஒளித்துச் செய்த காரியமில்லை. சிகிச்சை என்றே நினைத்துச் செய்தார்கள். எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நிலையம் இந்த நூற்றாண்டிலும் மாணவர் உடலில் கருவியைப் பொருத்தி அதிர்ச்சி கொடுத்து வந்தது. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் தடை விதித்தது. 2021-இல் நீதிமன்றம் அத்தடையை நீக்கிவிட்டது. இத்துறையின் பன்னாட்டுச் சங்கம் இம்முறையை எதிர்ப்பதாக உறுப்பினர் வாக்கெடுப்பின் மூலம் அறிவித்ததே 2022-இல்தான். அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த தொழில்முறை ஒழுக்க விதிகளில், பெற்றோரின் ஒப்புதலோடு, இயன்றவரை பயிற்சி பெறுபவரின் இசைவையும் கேட்க வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றது. இந்த மாற்றத்தின் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர்கள், சிறுவயதில் இப்பயிற்சி பெற்று வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள். அவர்கள் கேட்பது எளிய கேள்வி: நான் கையை உதறியதால் யாருக்கு என்ன கெடுதல்? ஏன் அதை நிறுத்தினீர்கள்?

நம் வகுப்புக்கு வருவோம். மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவன். திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். இழுத்தால் கடிப்பான். அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கிவிட்டான். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் என்னிடம் ஒரு நோட்டு போடச் சொன்னார். மூன்று பத்தி: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் நாம் என்ன செய்தோம். இரண்டு வாரத்தில் முதல் பத்தியில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: மணி. அவன் உட்காரும் சன்னலுக்கு வெளியேதான் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடிப்போம். இடத்தை மாற்றினோம். மணி அடிக்கும் முன் அவனிடம் விரலைக் காட்டிச் சொல்லிவிடுவோம். கடிப்பது நின்றது. கையை இன்னும் உதறுகிறான், உதறட்டும். இந்த நோட்டும் ஏ.பி.ஏ. தந்ததுதான். அதனால் இத்துறையையே தூக்கியெறியச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

ஆனால் "என் கண்ணைப் பார்" என்று முகவாயைப் பிடித்துத் திருப்புவதும், "உட்கார்ந்தால்தான் சாப்பாடு" என்பதும் வேறு. மதிய உணவு அந்தக் குழந்தையின் உரிமை. அதைப் பரிசாக்க நமக்கு அதிகாரம் இல்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பை விட்டுவிட்டோம் என்பதோடு அந்தப் பிரிவு முடிந்துவிடாது. ஆட்டிசத்தையும் சேர்த்துக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கொடுமையான நடத்துமுறையிலிருந்து பாதுகாப்பு தருகிறது. இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் பயமாகவே சொல்கிறேன். பெரியவர் யார் தொட்டாலும், எதைச் சொன்னாலும் கீழ்ப்படியவேண்டும் என்று பழக்கிய குழந்தை, தவறான கை தொடும்போது எப்படி மறுக்கும்? பேச்சு வராத குழந்தைக்குக் கையைத் தள்ளிவிடுவதுதான் 'வேண்டாம்' என்ற சொல். அந்தச் சொல்லை நாமே அழித்துவிடக் கூடாது.

பெற்றோர் கேட்டால் நான் சொல்வது இது. பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பயிற்சி நடக்கும்போது உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். எந்த நடத்தையை மாற்றப் போகிறீர்கள், அது பிள்ளைக்கு உதவவா, நம் வெட்கத்தைப் போக்கவா என்பதை வீட்டிலும் பேசுங்கள்.

நோட்டு மாதிரிப் பக்கம் ஒன்றை நகலெடுத்து வந்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியை அன்றன்றே, அந்த இடத்திலேயே எழுதுங்கள். சாயங்காலம் உட்கார்ந்து எழுதினால் மணிச் சத்தமெல்லாம் நம் நினைவில் இருக்காது.