சாமிக்கு உயிர்ப்புள்ளி எத்தனை?

தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

இளைஞர்களின் கற்பனைக்கு உரமாவது கடல் கடந்து வந்த கதைகளா, நம் மண்ணின் கதைகளா என்பது கேள்வி. மண்ணின் கதைகளே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் கேட்டார்: "அவங்க கதையில டிராகன் இருக்கு, மந்திரவாதி இருக்கான், குள்ளர்கள் இருக்காங்க. உங்ககிட்ட என்னம்மா இருக்கு?" ஐயா, அந்தக் குள்ளர்கள் எங்கிருந்து வந்தாங்க? 1937-ல் டோல்கீன் 'ஹாபிட்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் வரும் குள்ளர்களின் பெயர்களில் பெரும்பாலானவை பழைய நார்ஸ் மொழிப் பாட்டிலிருந்து எடுத்தவை. ஃபின்லாந்தில் லோன்ரோட் என்று ஒரு டாக்டர் இருந்தார். ஊர் ஊராக அலைந்து, கிராமத்து ஜனங்க பாடியதைக் கேட்டு எழுதி, 1835-ல் 'கலேவலா' என்று நூலாக்கினார். அதில் மயங்கிய டோல்கீன், ஃபின்னிஷ் மொழியின் ஓசையைக் கொண்டு தன் கதைக்கு ஒரு பாஷையே உண்டாக்கினார். ஆக, நீங்க கொண்டாடுகிற கதையும் பாட்டி கதைதான். என்ன, அது அவங்க ஊர்ப் பாட்டி! (கைதட்டல்)

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் மகன் கல்லூரியில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானா நாலு பிள்ளைகள் வந்துவிடுவார்கள். நடுவில் ஒரு தாள், இருபது முகமுள்ள ஒரு பகடை. ஒருத்தன் கதை சொல்லுவான். மற்றவங்க வீரனாகவும் திருடனாகவும் வேஷம் ஏற்று, "நான் கதவைத் திறக்கிறேன்" என்பார்கள். திறந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று வெளியிட்ட விளையாட்டு இது. எனக்கு வில்லுப்பாட்டுதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒருத்தர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். இங்கே "ஆமா" போடுகிறவனும் கதைக்குள்ளே இறங்கிவிடுகிறான், அவ்வளவுதான்.

ஒரு நாள் சொன்னான்: "அம்மா, நம்ம ஊரை வெச்சே ஒரு உலகம் செய்யப்போறேன்." பொதிகை மலை வரைந்தான், தாமிரபரணி வரைந்தான். எனக்குப் பூரிப்பு. அடுத்த தாளில் ஒரு பட்டியல். சுடலைமாடன், உயிர்ப்புள்ளி இருநூறு. இசக்கி, உயிர்ப்புள்ளி நூற்றைம்பது. அவ்வளவு அடி அடித்தால் சாமி செத்துப்போகும்!

எங்க அம்மா, அவனுக்கு ஆச்சி, அம்பாசமுத்திரத்துக்காரி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தாள். "ஏல, சாமிய வெட்டிச் சாய்க்கதுக்கா கணக்குப் போடுத?" என்றாள். அதட்டவில்லை. குரல் உடைந்துபோச்சு. பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி ஆச்சி நீலி கதையைச் சொன்னாள். யாராவது பொய்யாக அழுதால் 'நீலிக்கண்ணீர்' என்கிறோமே, அந்த நீலி. அவள் ஏன் அழுதாள் என்று யாராவது கேட்டோமா? கட்டியவனே கொன்ற பெண் அவள். பேயாக வந்து, கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர்ச் சபையில் நியாயம் கேட்டாள். அவனுக்கு ஆபத்து வராது என்று உயிரைப் பிணை வைத்த எழுபது பேர், சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள். கதை முடிந்ததும் பையன் கேட்டான்: "அப்போ இவளை எப்படி ஆச்சி ஜெயிக்கிறது?" ஆச்சி சொன்னாள்: "அவள எதுக்குல ஜெயிக்கணும்? அவ வழக்கக் கேளு."

நடுவர் அவர்களே, அன்றைக்கு அந்த விளையாட்டின் சட்டமே மாறியது. நூற்றைம்பதை அடித்தான். 'வாளால் தீராது, நியாயம் கிடைத்தால் அடங்கும்' என்று எழுதினான். (கைதட்டல்) டிராகனைக் கொன்றால் தங்கம் கிடைக்கும். நம்ம தெய்வங்களில் பல பேர் அநியாயமாகச் செத்த மனுஷங்க. அவங்களை இன்னொரு தடவை கொல்வதா விளையாட்டு?

முத்துப்பட்டனைப் பாருங்கள். பிராமணப் பிள்ளை. பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களை விரும்பி, அவர்கள் தகப்பன் சொன்னபடி பூணூலைக் கழற்றி, குடுமியை எடுத்து, செருப்புத் தைத்தான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு உயிரைவிட்டான். காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றைக்கும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. என் மகனுடைய உலகத்தில் புதையல் என்ன தெரியுமா? வைரம் இல்லை. ஒரு ஜோடி செருப்பு! (பலத்த கைதட்டல்)

எல்லாம் அப்படியே பொன் என்றும் சொல்லமாட்டேன். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள் என்று இந்தக் கதையையே மாற்றிப் பாடியவர்களும் உண்டு. கலப்புத் திருமணத்தைத் தாங்காத மனசு செய்த வேலை அது. எந்தக் கதையை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று அந்தப் பிள்ளைகள் வாதாடினார்களே, அதுதான் கற்பனைக்கு உரம். இரவல் கதையில் அந்த வாதம் வராது. அது நம்மைச் சுடாது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதைகளை என் பிள்ளைக்கு நான் சொன்னதில்லை. பேய்க்கதை, பட்டிக்காட்டுக் கதை என்று வெட்கப்பட்டேன். எங்க அம்மா போன தை மாசம் காலமாகிவிட்டாள். கடைசியாகச் சொன்ன கதை பாதியில் நிற்கிறது. என் மகன் வரைந்த படத்தில் ஆற்றுக்குத் தெற்கே ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. "இதை நிரப்பேன்டா" என்றேன். "ஆச்சி சொல்லலையேம்மா" என்றான்.

மணி அடித்துவிட்டீர்கள். முடிக்கிறேன். எதிரணி நண்பர்களே, டிராகன் எங்கேயும் போகாது, புத்தகத்தில் பத்திரமாக இருக்கும். உங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற கிழவி அப்படி இல்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் என்று சொல்லி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து அமர்கிறேன்.