மார்ச் மாதம் மலை வேண்டாம்

(நமது சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சென்ற ஆண்டு ஸ்காட்லாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு நாள் மாப்பிள்ளை காரை ஓரமாக நிறுத்திவிட்டு, எதிரே இருந்த மலையில் விறுவிறுவென்று ஏற ஆரம்பித்தார். எனக்கு மனசு பதறிவிட்டது. "யார்கிட்டயும் கேட்க வேண்டாமா மாப்பிள்ளை?" என்றேன். சிரித்தார். அங்கே 2003-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். பொறுப்பாக நடந்துகொண்டால், தனியார் மலையானாலும் பெரும்பாலும் யாரும் நடந்து போகலாம்.

அழகான ஊர்தான். ஆனால் அங்கே மிக உயரமான பென் நெவிஸ் மலையே 1,345 மீட்டர்தான். நம் கொழுக்குமலை அதைவிட உயரம்!

நான் கம்பத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். தினமும் காலை பஸ்ஸில் இடப்பக்கம் மேகமலை, வலப்பக்கம் ஏலமலை. நடுவில் நெல், தென்னை, திராட்சைப் பந்தல். நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை பச்சைக்கும் காரணம், மேற்கே ஓடிய பெரியாற்றைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பிய பென்னிகுவிக்கின் அணை. 1895-ல் முடிந்த வேலை. லோயர் கேம்பில் பெரிய குழாய்களில் இறங்கி, மின்சாரமும் தந்துவிட்டு, அந்தத் தண்ணீர் வைகைக்குப் போகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குரங்கணி மலையேறலாம், தெரிந்த ஜீப்காரர் இருக்கிறார், அனுமதியெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று நம் இளைஞர்கள் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன்.

2018 மார்ச் 11-ம் ஞாயிற்றுக்கிழமைதான். குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீ பரவி, மலையேறப் போன 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். பெரும்பாலும் நம் பிள்ளைகள் வயதுதான். அன்றிரவு போடி ரோட்டில் கேட்ட ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் யானை கிடையாது, புலி கிடையாது. இங்கே பிப்ரவரி, மார்ச்சில் புல் பஞ்சு மாதிரி காய்ந்து கிடக்கும். காற்றடித்தால், தீ மேட்டில் நம்மைவிட வேகமாக ஏறும். அதனால்தான் தீக்காலத்தில் மலையேற வனத்துறை அனுமதிப்பதில்லை. ஆசைக்குத் தடை போடுவதாக நினைக்காதீர்கள்.

மலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 அக்டோபர் முதல் தமிழகத்தில் 40 மலைப்பாதைகளுக்கு இணையத்திலேயே பதிவு செய்யலாம். வழிகாட்டியும் கூட வருவார். மழை பெய்து புல் பச்சையானதும் முறைப்படி போவோம். நானும் வருகிறேன், முழங்கால் ஒத்துழைத்தால்!

மார்ச்சுக்கு வேறு திட்டம் சொல்கிறேன். காலையில் கிளம்பி, கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம், பிறகு சுருளி, கடைசியில் லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபம். இருட்டுவதற்குள் வீடு. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். அங்கே வீசும் குப்பை வைகைக்குத்தான் வந்து சேரும்.

முப்பத்தைந்து வருஷ சர்வீஸில், கையெழுத்து இல்லாத செக்கை நான் பாஸ் பண்ணியதில்லை. இந்த மார்ச் பயணத்தையும் பாஸ் பண்ண மாட்டேன். மாற்றுத் திட்டத்துக்குச் சம்மதம் என்றால் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.