நாமும் நாங்களும்



பேசுகிறவன் கேட்கிறவனையும் உள்ளிட்டுச் சொல்லும்போது ‘நாம்’ என்றும், அவனை வெளியே நிறுத்திச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்றும் பிரித்துப் பேசுகிற பாஷை நம்முடையது. முதற்சொல் இரண்டாம் சொல்லாக மாறும் க்ஷணத்தில் மனித மனத்தில் நிகழ்வது யாது என்பதையே, நம் புதுவை நகரத்தின் சரித்திரத்தைக்கொண்டு இன்று ஆராய விரும்புகிறேன்.

லப்போர்த் வீதியில் தினந்தோறும் நடக்கிறவர்களில், அந்தப் பெயருக்குரியவர் பொன்னுத்தம்பி பிள்ளை என்னும் தமிழ் வக்கீல் என்பதை அறிந்தவர் எத்தனை பேரோ! 1873இல் சப்பாத்து அணிந்து நீதிஸ்தலத்துள் பிரவேசித்ததற்காகத் தடுக்கப்பட்ட அவர், தலைகுனிந்து திரும்பாமல், பாரீசு நகரத்து உச்ச நியாயசபை வரையில் வழக்கைக் கொண்டுசென்று ஜயித்தார். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் பிறந்த அரசாணை, ஜாதியாசாரங்களோடு பிணைந்த சுயசட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க இந்தியருக்கு வழிசெய்தபோது, அவர் அதை ஏற்று, வாசல் என்று பொருள்படும் ‘லப்போர்த்’ என்பதைக் குடும்பப் பெயராகத் தரித்தார். அவ்வாறு துறந்தவர்களே ‘ரெனோன்சான்கள்’ எனப்பட்டார்கள். ஒருமுறை துறந்தால் மீளுதல் இல்லை; மனைவியும் மைனர் பிள்ளைகளும் அந்தத் துறவுக்குள் அடக்கம்.

ஜாதியை விட்டவர்கள் இன்னொரு ஜாதியாகிப் போனது எப்படி? 1884இல் வாக்காளர் ஜாபிதா ஐரோப்பியர், ரெனோன்சான்கள், ஏனையோர் என மூன்றாக வகுக்கப்பட்டு, ஸ்தானங்களும் ஜாபிதாவாரியாகப் பங்கிடப்பட்டன. அதுவரையில் ஒருவனுடைய அந்தரங்கத் தீர்மானமாக இருந்த துறவு, அன்றுமுதல் மற்றவனுடைய பலத்தைப் பாதிக்கும் கணக்காயிற்று. சுயசட்டத்தைக் கைவிடாத இந்துக்களின் தலைவராக விளங்கிய சண்முக வேலாயுத முதலியாரின் கட்சியார் அந்தத் துறவில் தங்கள் தர்மத்துக்கே ஆபத்தைக் கண்டார்கள். ரெனோன்சான்களோ அவர்களிடம் பழமையின் இருளையே கண்டார்கள். அண்டை வீட்டாரின் பழக்கம் வேறாயிருப்பதை நூற்றாண்டுக் கணக்கில் பொறுத்துவந்த ஜனங்கள், அந்த வேற்றுமைக்கு ஸ்தானமும் அதிகாரமும் விலையாக வைக்கப்பட்ட பிறகே பகைவராயினர் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதற்காக, எல்லாக் கோடுகளையும் அந்நியனே கிழித்தான் என்று நான் சொல்லமாட்டேன். மாதா கோவிலுக்குள்ளேயே ஜாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்டோரையும் பிரித்த சுவர் ஒன்று 1745இல் இடிக்கப்பட்டபோது, ஒரே தேவனைத் தொழுத ஜாதிக் கிறிஸ்தவர்கள் எவ்வளவு கொந்தளித்தார்கள் என்பதை ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரி காட்டுகிறது. அந்தச் சுவரைக் காத்து நின்றவர்கள் நம்மவர்கள்தாம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது.

இன்னொரு கோடு என் காலத்திலேயே விழுந்தது: பிரான்சு புதுவையை இந்தியாவுக்குக் கையளித்த அதிகாரமாற்ற ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16இல் அமலுக்கு வந்தது. அதன்படி, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தோர் இந்தியப் பிரஜைகளாயினர். பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்க விரும்பியவர் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டியிருந்தது. பிரெஞ்சுச் சேனையில் ‘சொல்தா’வாக உழைத்த என் சிறிய தகப்பனார் பென்ஷனையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் எண்ணிக் கையொப்பமிட்டார், என் தகப்பனார் இடவில்லை. சண்டை இல்லை, பாகப்பிரிவினை இல்லை, முற்றமும் கிணறும் பொதுவாகவே இருந்தன. அடுத்து வந்த பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப்பற்றிப் பேச்சு வந்தபோது, ‘நாங்கள் எங்கள் பக்கத்தை அடித்துக்கொள்கிறோம் அண்ணா’ என்றார் சிறிய தகப்பனார். என் தகப்பனார் வெகுநேரம் பதில் பேசவில்லை.